பில்லில் காணாமற்போன புள்ளி: தரவுத்தளம் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. தரவுத்தள அட்டவணையில் பெயர், ஊர், முகவரி முதலியவற்றுக்கு ‘வார்சார்’ என்னும் மாறுநீள உரை வகையைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணை எழுதுகிறோம். அந்த எண் எதை அளக்கிறது, எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதுதான் அப்பொருள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதற்கே பக்கங்களைத் தந்திருக்கிறேன்.

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலேயே பதிந்து பில் போடுகிறோம். மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்ற பெயர் வரும்போது மட்டும் கடைசி எழுத்து புள்ளியில்லாமல் ‘ன’ என்றே அச்சாகிறது. பிரிண்டரை மாற்றியும் பார்த்துவிட்டோம். மென்பொருள் எழுதிக் கொடுத்த தம்பியோ, “பெயருக்கு 20 எழுத்து விட்டிருக்கிறேன் அண்ணே, இந்தப் பெயரில் 12 எழுத்துதான் இருக்கிறது, தவறு என் பக்கம் இல்லை” என்கிறார். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: தம்பி எண்ணியது தமிழிலக்கணப்படி சரி; தரவுத்தளம் எண்ணுவது வேறு கணக்கு. பள்ளியில் நாம் கற்றபடி மீ, னா, ட், சி, சு, ந், த, ரே, ஸ், வ, ர, ன் எனப் பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துத் தரும் யூனிகோடில் ‘மீ’ என்பது ஒரே குறி அன்று. ‘ம’ ஒரு குறி, அதன்மேல் ஏறும் ஈகாரக் கொம்பு மற்றொரு குறி. ‘ட்’ என்பதும் அப்படியே: ‘ட’ ஒன்று, புள்ளி ஒன்று. அகரம் ஏறிய உயிர்மெய்யும் தனி உயிரெழுத்தும் ஆய்தமும் மட்டுமே ஒற்றைக் குறியில் அடங்கும். இந்தக் கணக்கில் உங்கள் வாடிக்கையாளரின் பெயர் 21 குறிகள் கொண்டது. அட்டவணையின் வரம்பு 20. இருபத்தோராவதாக நின்ற குறி, கடைசி ‘ன்’னின் புள்ளி. அதுதான் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றுவிட்டது. பிரிண்டர் தனக்குக் கொடுக்கப்பட்டதைச் சரியாகவே அச்சடித்திருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வரம்பு போதாமை ஒன்று. போதவில்லை என்பதை உரக்கச் சொல்லாமல் வெட்டிவிட்டுப் போனது மற்றொன்று. நீங்கள் அனுப்பிய விவரத்தின்படி உங்கள் கடையில் இருப்பது மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பு. வரம்பு மீறிய உரையை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை என்னும் அமைப்பு 5.7ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும்போதே இயல்பாக இயங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதை நாமாக இயக்கி வைக்காவிட்டால், நீண்ட உரையை வரம்பு வரை நறுக்கிச் சேமித்துவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவைக்கும். அந்த எச்சரிக்கையைப் பில் போடும் மென்பொருள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீளம் மிகுந்த பெயரை ஏற்க மறுத்துப் பிழை காட்டும் தரவுத்தளம் கல்லாவில் நிற்பவருக்கு அப்போதைக்கு எரிச்சலூட்டலாம். ஆனால் ஒருவரின் பெயரைக் கேட்காமல் மாற்றி எழுதுவதைவிட அது எவ்வளவோ நேர்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

20 என்ற எண் தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் ஒரே பைட்டில், அதாவது கணினியின் சேமிப்பு அலகு ஒன்றில், அடக்கின. அந்தக் காலத்தில் இருபது இடம் தமிழ்ப் பெயருக்குத் தாராளமாக இருந்தது. இன்று யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகிறது. ஆக, உங்கள் வாடிக்கையாளரின் பெயர் 12 எழுத்து, 21 குறி, 63 பைட். மூன்றுமே சரியான எண்கள்தாம். எந்த மென்பொருள் எதை எண்ணுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொரு தரவுத்தளமும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைக் குறிகளின் எண்ணிக்கையாகக் கொள்கின்றன. ஆரக்கிளோ, நாம் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், அதைப் பைட்டாகக் கொள்ளும். அங்கே வார்சார்2(20) என்று எழுதினால் ‘மீனாட்சி’ என்ற நான்கெழுத்துப் பெயருக்கே இடம் போதாது, ஏனெனில் அதற்கு 24 பைட் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ‘சார்’ என்ற சொல்லையும் சேர்த்தால்தான் குறிக்கணக்கு.

அளந்து பார்க்கும் கட்டளைகளிலும் இதே குழப்பம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ‘லெங்த்’ என்று கேட்டால் பைட் கணக்கு வரும்; ‘சார்_லெங்த்’ என்று கேட்டால் குறிக்கணக்கு வரும். போஸ்ட்கிரெஸில் ‘லெங்த்’ என்பதே குறிக்கணக்கு. தம்பி எதைக் கேட்டுப் பார்த்தார் என்று விசாரியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது: முதலில் சார்_லெங்த் சரியாக 20 ஆக உள்ள பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாக எடுங்கள். இயல்பாகவே இருபதில் முடிந்த பெயர்களும் அவற்றில் இருக்கும். ஆனால் வெட்டுப்பட்டவை அனைத்தும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கும். வெட்டிப்போன பகுதியை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. பழைய பில் புத்தகத்தைப் பார்த்தோ, வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கேட்டோதான் திருத்த வேண்டும். பட்டியல் எடுத்தபின், திருத்தத் தொடங்கும் முன்பாக, கடை அடைத்தபின் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, வரம்பை 100 ஆக உயர்த்திக் கண்டிப்பு முறையையும் இயக்கச் சொல்லுங்கள். இந்த வரிசையைத் தவறவிடாதீர்கள். வரம்பை உயர்த்திப் புதிய பெயர்களைப் பதியத் தொடங்கிய பிறகு பட்டியல் எடுத்தால், முழுமையாகப் பதிந்த இருபது குறிப் பெயர்களும் அதில் கலந்துவிடும்.

கேள்வி: மேலூரிலிருந்து மதுரைக்குப் போய்க் கல்லூரியில் படிக்கும் மாணவி நான். ஆய்வக வகுப்பில் எல்லா உரை நெடுவரிசைகளுக்கும் வார்சார்(255) என்றே எழுதுகிறோம். ‘மதுரை’ என்ற சொல்லை வைக்க 255 இடம் ஒதுக்குவது வீண் இல்லையா? நீளம் மாறாத ‘சார்’ வகைதான் வேகமானது என்று சீனியர் அக்கா ஒருவர் சொல்கிறார், அது உண்மையா?

பதில்: வட்டில் ஒதுக்கப்படும் இடத்தைப் பொறுத்தவரை வீண் இல்லை. பூ வியாபாரி ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் எடையைக் குறித்துவைப்பதுபோல, மாறுநீள வகையில் ஒவ்வொரு மதிப்பின் முன்னும் அதன் நீளம் குறிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து உள்ளடக்கம் மட்டுமே இடம் பிடிக்கிறது. ‘மதுரை’ ஐந்து குறி, 15 பைட். மைஎஸ்க்யூஎல்லில் அதனுடன் நீளக் குறிப்புக்காக ஒன்று அல்லது இரண்டு பைட் சேரும். வரம்பு 30 என்றாலும் 255 என்றாலும் வேறுபாடு அந்த ஒரு பைட்தான்.

ஆனால் 255 என்ற எண்ணுக்கு எந்த மகிமையும் இல்லை. ஒரு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது, மைஎஸ்க்யூஎல் 5.0.3க்கு முன்பு வார்சாரின் உச்ச வரம்பாகவும் இருந்தது. அந்த வரம்பு போய்ப் பல ஆண்டுகள் கழிந்தும் வழக்கம் மட்டும் கைமாறிக் கைமாறி உங்கள் வகுப்புக்கும் வந்துவிட்டது. யூடிஎஃப்-8இன் மைஎஸ்க்யூஎல் வடிவமான இன்றைய யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் ஒரு குறிக்கு நான்கு பைட் வரை ஆகலாம் என்று மைஎஸ்க்யூஎல் கணக்கிடுவதால், ஒரு பைட் நீளக் குறிப்பு போதுமான எல்லை 255 குறி அன்று, 63 குறி. இது வெறும் ஏட்டறிவு இல்லை. வரம்பை 40இலிருந்து 60 ஆக்கினால் அட்டவணையின் வரையறை மட்டும் நொடியில் மாறும். 60இலிருந்து 70 ஆக்கினால் நீளக் குறிப்பே ஒன்றிலிருந்து இரண்டு பைட்டாக மாற வேண்டியிருப்பதால் அட்டவணை முழுவதும் மறுபடி எழுதப்படும். சில ஆயிரம் பதிவுகள் உள்ள கடைக்கு இது பொருட்டில்லை. கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் பகல் வேளையில் இதைச் செய்தால் அதற்குப் பின்னால் வேலை செய்பவர்கள் எல்லாரும் காத்திருக்க நேரும்.

கண்ணை மூடிக்கொண்டு 255 கொடுப்பதற்கு வேறு இடங்களில் விலை உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு பதிவின் எல்லா நெடுவரிசைகளுக்கும் சேர்த்து 65,535 பைட்தான் உச்ச வரம்பு. யூடிஎஃப்8எம்பி4இல் வார்சார்(255) ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் 1,022 பைட்டைப் பிடித்துக்கொள்வதால் அறுபத்து நான்குக்கு மேல் அவற்றை ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் போடும்போது பழைய பதிவு வடிவங்களில் 767 பைட்தான் எல்லை. 255 குறிக்கு 1,020 பைட் ஆகும் என்பதால் இன்டெக்ஸ் மறுக்கப்படும். இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல்களில் 191 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 767ஐ நான்கால் வகுத்தால் வரும் முழு எண் அதுதான். இப்போதைய இயல்பு வடிவத்தில் எல்லை 3,072 பைட்டாக உயர்ந்துவிட்டது. இன்னொரு விலை நினைவகத்தில். மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முன்பு, வரிசைப்படுத்தவும் தொகுக்கவும் நினைவகத்தில் உருவாகும் தற்காலிக அட்டவணைகள் வார்சாரை அறிவித்த முழு நீளத்துக்கும் விரித்தே வைத்தன. பதினைந்து பைட் ‘மதுரை’ அங்கே ஆயிரத்துச் சொச்சம் பைட்டாக உட்கார்ந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரும் வினவலுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று மதிப்பிடும்போது, உள்ளே இருப்பதை அன்றி, அறிவித்த நீளத்தில் பாதியை வைத்தே கணக்கிடுகிறது.

அக்கா சொன்ன வேகக் கணக்கு ஒரு குறிக்கு ஒரு பைட் என்றிருந்த காலத்துக்குப் பொருந்தும். தமிழில் குறிக்கு மூன்று பைட், இடையில் வரும் எண்ணுக்கும் இடைவெளிக்கும் ஒரு பைட் என்று கலந்திருப்பதால், ‘சார்’ என்று அறிவித்தாலும் பைட் அளவில் நீளம் மாறிக்கொண்டேதான் இருக்கும். போஸ்ட்கிரெஸிலோ ‘சார்’ வகைக்கு எந்த வேக நன்மையும் இல்லை. இடைவெளிகளை நிரப்புவதால் அதுவே பெரும்பாலும் மெதுவானது என்று அதன் கையேடே சொல்கிறது. நீளம் ஒருபோதும் மாறாத குறியீட்டு எண்களுக்கு மட்டும் ‘சார்’ வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் டிராவல்ஸ் நடத்துகிறோம். எஸ்க்யூஎல் சர்வரில் பயணிகள் பெயரைத் தமிழில் பதிந்தால் திரும்ப எடுக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாகவே வருகின்றன. நீளத்தைக் கூட்டியும் பயனில்லை.

பதில்: நீளத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கே சாதாரண வார்சார் ஒரு குறிப்பிட்ட குறியாக்கத்துக்குள் அடங்குவது. அதில் தமிழுக்கு இடம் இல்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிட்டது. நெடுவரிசையை யூனிகோடு உரைக்கான என்வார்சார் வகைக்கு மாற்றுங்கள். நிரலில் நேரடியாக எழுதும் உரையின் மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ எழுத்தையும் சேருங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் கேள்விக்குறிதான் வரும். 2019 பதிப்பிலிருந்து வார்சாரிலேயே யூடிஎஃப்-8 வைக்க வழி உண்டு என்றாலும் தமிழுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். என்வார்சாரில் தமிழ்க் குறிக்கு இரண்டு பைட், யூடிஎஃப்-8இல் மூன்று. ஏற்கெனவே கேள்விக்குறியாகிப்போன பெயர்களை மறுபடி தட்டச்சு செய்வது தவிர வேறு வழியில்லை.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தொலைபேசி எண், பின்கோடு, வங்கியின் ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றை எண் வகையில் வைப்பதா, உரை வகையில் வைப்பதா?

பதில்: எதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையோ அதை உரையாகவே வையுங்கள். மதுரையின் 0452ஐ எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள சுழியம் போய் 452 ஆகிவிடும். ஐஎஃப்எஸ்சி எப்போதும் 11 குறி, பின்கோடு 6 இலக்கம்; இவற்றுக்கு ‘சார்’ வகை பொருத்தமானது. தொலைபேசி எண் பன்னாட்டு முறையில் நாட்டுக் குறியீட்டுடன் சேர்த்து 15 இலக்கத்தைத் தாண்டாது. முன்னால் இடும் கூட்டல் குறிக்கும் இடம் விட்டு வார்சார்(16) கொடுங்கள். நடுவில் இடைவெளியும் கோடும் போட்டு எழுதுபவர்கள் இருப்பார்கள். அவற்றைப் பதியும் முன்பே நீக்கிவிடுவது நல்லது.

கேள்வி: கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சிறு நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸில் நூல் பட்டியல் வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெயரே உறுப்பினர் பட்டியலில் இரண்டு ஊர்களாகப் பிரிந்து நிற்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன; ஒன்றைத் தேடினால் மற்றது வருவதில்லை.

பதில்: இரண்டின் நீளத்தையும் கேட்டுப் பாருங்கள். ஒன்று 13 என்றும் மற்றது 14 என்றும் வந்தால் காரணம் முதலெழுத்தில் இருக்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ‘க’வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம், ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சேர்ப்பது மற்றொரு விதம். விசைப்பலகையைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்று விழுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுக்கு பைட் ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு வேறு வேறு. இதைச் சமன் செய்ய யூனிகோடே வகுத்த விதி ஒன்று உண்டு; போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு அதைச் செய்கிறது. இருக்கும் பதிவுகளை ஒருமுறை அதன்வழி திருத்திவிட்டு, புதிதாக வருவனவும் அந்த வடிவில்தான் இருக்க வேண்டும் என்று நெடுவரிசைக்கு ஒரு நிபந்தனையையும் இடுங்கள்.

ஆனால் நூலகத்துக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று உண்டு. ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்தை ஔகாரமாகத் தட்டுபவர்கள் ஒரு சாரார். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று பதிபவர்கள் மறு சாரார். இதை எந்தச் சமன்பாட்டு விதியும் சரிசெய்யாது, ஏனென்றால் ‘ஒளி’ என்ற சொல்லில் அதே ‘ஒ’வும் ‘ள’வும் முறையாகவே வருகின்றன. உங்கள் பட்டியலில் இந்தப் பெயரை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். தொடக்கத்திலோ முடிவிலோ ஒட்டிக்கொண்டு வரும் வெற்று இடைவெளிகளையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அவை சேர்ந்துவிடுவதுண்டு, போஸ்ட்கிரெஸின் வார்சார் அவற்றையும் எழுத்தாகவே மதிக்கும்.

கேள்வி: மதுரையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸில் வார்சாருக்கும் வரம்பில்லாத ‘டெக்ஸ்ட்’ வகைக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்றால், எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ட் வைத்துவிடலாமே? எங்கள் குழுவில் மூத்தவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

பதில்: வேறுபாடு இல்லை என்பது உண்மை. மூத்தவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது: வரம்பே இல்லாத பெயர் நெடுவரிசையில் யாரோ ஒருவர் ஒரு கட்டுரையையே ஒட்டிவிட்டால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. நான் கடைப்பிடிக்கும் முறை இது. பொருளுக்கே இயற்கையாக ஒரு நீளம் இருந்தால் அதை அப்படியே எழுதுகிறேன். ஜிஎஸ்டி எண் 15 குறி என்றால் 15தான். இயற்கையான நீளம் இல்லாத பெயருக்கும் முகவரிக்கும் டெக்ஸ்ட் வைத்து, தாராளமான ஒரு நீள நிபந்தனையைத் தனியே சேர்க்கிறேன். பிற்பாடு அந்த நிபந்தனையை மாற்றுவதும் எளிது. அதற்கு நாமே ஒரு பெயர் சூட்டலாம் என்பதால், மீறும்போது வரும் பிழைச்செய்தியும் எந்த விதி மீறப்பட்டது என்று தெளிவாகச் சொல்லும். வார்சாரையே விரும்பினாலும் குறையில்லை, 9.2ஆம் பதிப்பிலிருந்து வரம்பை உயர்த்தும்போது அட்டவணை மறுபடி எழுதப்படுவதில்லை.

முகவரியில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் முகவரிக்கு 60 குறி வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் சோதித்தபோது எல்லாம் அடங்கியது. நம் ஊர் முகவரி கதவு எண்ணோடு முடிவதில்லை. பழைய எண், புதிய எண், சந்தின் பெயர், அந்தச் சந்து பிரியும் மாசி வீதியின் பெயர், அதற்கும் மேல் ஓர் அடையாளம் என்று நீளும். ஒரு மருந்துப் பொட்டலத்தின் முகவரி ‘பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம்’ என்று முடிந்திருந்தது. வெட்டுப்பட்ட சீட்டில் ‘பிள்ளையார் கோயிலுக்கு’ என்பதோடு நின்றுவிட்டது. கொண்டுபோனவர் கோயிலின் முன்வாசலில் உள்ள கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பின்புறத்து வீட்டில் இருந்த அம்மா இரண்டு நாள் மருந்தில்லாமல் காத்திருந்தார். அந்த 60ஐ எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே உங்கள் குழுவில் விவாதத்தை டெக்ஸ்டா, வார்சாரா என்று தொடங்காமல், கையில் உள்ள உண்மையான தமிழ் முகவரிகளில் மிக நீண்டவை இருபதை எடுத்து மேசைமேல் வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் குறிக்கணக்கையும் கேட்டு, அவற்றில் பெரியதை இரண்டு மடங்காக்கி நிபந்தனையில் எழுதுங்கள். திரையில் உள்ள உள்ளிடு பெட்டியும் அதே எண்ணை, அதே குறிக்கணக்கில் சரிபார்க்கிறதா என்று பாருங்கள். சீட்டில் இடமில்லாமல் சுருக்க நேர்ந்தால் அதைச் செய்யும் நிரல் எழுத்தின் நடுவில் வெட்டிப் புள்ளியையோ கொம்பையோ பிரித்துவிடாமல், முழுச் சொல்லின் முடிவில் நின்று, மீதி உண்டு என்பதைக் காட்ட மூன்று புள்ளிகளையும் இட வேண்டும்.